பழைய பில், புதிய பெட்டி: நான் செய்தது தவறா?

தூரத்துப்பயணி:
கடந்த மாதம் ஒரு பயணப்பெட்டி வாங்கினேன். முழு விலை கொடுத்தேன். பதினோரு நாள் கழித்து அதே கடையில் அதே பெட்டிக்கு 40 சதவீதத் தள்ளுபடி. வயிறு எரிந்தது. தள்ளுபடி விலையில் இன்னொரு பெட்டி வாங்கி, மறுநாள் அதை உறை பிரிக்காமல் எடுத்துப்போய், பழைய பில்லைக் காட்டித் திருப்பிக் கொடுத்தேன். 30 நாள் கெடு இன்னும் முடியவில்லை. முழு விலையும் கைக்கு வந்தது. கடைக்குப் போனது புத்தம்புதுப் பெட்டி, எனக்கு மிச்சம் 40 சதவீதம்.

வீட்டில் சொன்னபோது அக்கா, "இது திருட்டு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. கடை போட்ட விதிக்குள்தானே நடந்தேன்? மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

கணக்கன்:
திருட்டு என்பது பெரிய வார்த்தை. முதல் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அங்கேயே நின்று தள்ளுபடி விலைக்கு வேறொன்று வாங்கியிருந்தால் யார் என்ன சொல்லியிருக்க முடியும்? கடைக்கு வந்து சேர்ந்தது ஒரு பெட்டி, உங்களிடம் இருப்பது ஒரு பெட்டி. இரண்டு வழியிலும் கணக்கு ஒன்றுதான்.

கடைகள் நேர்மையின் திருவுருவம் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். விலையை ஏற்றிவிட்டு, பிறகு குறைத்ததாகக் காட்டும் வேலை ஊரறிந்தது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே கொண்டுவந்தது. 2022 மே 28 முதல், தள்ளுபடி என்று அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய 30 நாட்களில் வைத்திருந்த மிகக் குறைந்த விலையைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும். திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்ற வாக்குறுதியும் தயங்கி நிற்பவரை வாங்க வைப்பதற்குத்தான். அதன் லாபம் அவர்களுக்கு என்றால், அதன் செலவும் அவர்களுக்கே.

பழையகாசாளர்:
ஆறு வருடம் திருப்பி வாங்கும் மேசையில் நின்றவன் நான். அந்த மேசைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் உள்ளதைச் சொல்பவர்கள். அளவு சேரவில்லை, பரிசாக வந்தது, வீட்டில் பிடிக்கவில்லை. அவர்களுக்காகத்தான் அந்த மேசையே இருக்கிறது.

மற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். சட்டைக் கழுத்துப்பட்டையை மூக்கருகில் கொண்டுபோனால் வாசனைத் திரவியத்தின் மணம் வரும். விலைச்சீட்டு வேறொரு பிளாஸ்டிக் ஊசியில் தொங்கும், ஊசி பழைய துளையில் போகாமல் பக்கத்தில் புதிதாக ஒன்று குத்தியிருக்கும். ஒருமுறை கலவை இயந்திரத்தின் அட்டைப்பெட்டியைக் கையில் வாங்கியதும் எடை இடித்தது. திறந்தால் உள்ளே அதே நிறத்தில் பல வருடம் உழைத்த பழைய இயந்திரம், அடியில் காய்ந்த மாவு. கொண்டுவந்தவர் என் கண்ணைப் பார்த்தபடியே நின்றார். நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பயணி செய்தது அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். முதல் பெட்டியையே ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை? கடைக்கு இரண்டு நடை நடந்திருக்கிறீர்கள். அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

சட்டம்படிப்பவள்:
விதிக்குள் நடந்தேன் என்கிறீர்கள். பில் என்பது ஒரு குறிப்பிட்ட கொள்முதலுக்கான சான்று. அந்த பில்லோடு வேறொரு பொருளை வைத்தால், "இதுதான் அது" என்று வாய் திறக்காமலே சொல்கிறீர்கள். காசாளர் அதை நம்பித்தான் பணம் தருகிறார். கடையின் விதி உங்களுக்கு முழுப் பணம் தரச் சொன்னது முதல் பெட்டிக்கு. இரண்டாவது பெட்டிக்கு அதன் தள்ளுபடி விலைதான்.

வாங்குபவரைப் பெரிதும் காக்கும் சட்டங்களும் இந்த இடத்தில் கறாராகவே இருக்கின்றன. இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம் என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை விதி. அதே விதி, பொருள் எப்படி இருக்கிறது, வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்குத் தேவையானதைத் தாண்டிக் கையாண்டு மதிப்பைக் குறைத்தால் அந்தக் குறைவு வாங்கியவர் பொறுப்பு என்றும் சொல்கிறது. உடையைப் போட்டுப் பார்க்கலாம், உடுத்திக்கொண்டு விருந்துக்குப் போகக் கூடாது.

மழைக்குடை:
நான் அப்படிப் போனவள். விருந்துக்கு அல்ல, வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு. கோட் ஒன்று வாங்கி, விலைச்சீட்டைக் கைப்பகுதிக்குள் மடித்துச் செருகி அணிந்துபோனேன். பேசிய முக்கால் மணி நேரமும் அட்டையின் முனை மணிக்கட்டில் குத்திக்கொண்டே இருந்தது, கையை அசைத்துப் பேசப் பயந்தேன். மறுநாள் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பணத்தில்தான் அந்த மாத வாடகை. வேலை கிடைத்தது. அந்தக் கடையை நினைத்தால் எனக்கு இன்றும் நன்றிதான் வருகிறது, குற்ற உணர்ச்சி வரவில்லை. இல்லாதவளுக்கும் இருப்பவருக்கும் ஒரே அளவுகோலை வைத்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பழையகாசாளர்:
சகோதரி, நீங்கள் என் மேசைக்கு வந்திருந்தால் நான் வாங்கிக்கொண்டிருப்பேன். நடந்ததைச் சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன் என்றுதான் நம்புகிறேன், என் மேலாளர் என்ன சொல்லியிருப்பார் என்பது வேறு. அந்த கோட் அடுத்து எங்கே போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேசைக்குப் பின்னால் ஒரு கம்பி வண்டி இருக்கும். வியர்வைக் கோடு விழுந்த உடை மாட்டலுக்குத் திரும்பாது. வண்டி நிறைந்ததும் மொத்தமாக எடை போட்டு எடுப்பவரிடம் அடிமாட்டு விலைக்குப் போகும். மாதக் கடைசியில் அந்த வண்டியின் நஷ்டத்தை எங்கள் பிரிவின் தலையில்தான் எழுதுவார்கள். முதலாளி வீட்டு வாசலில் அல்ல.

கணக்கன்:
அந்த நஷ்டத்தை ஊழியர் தலையில் எழுதுவது கடையின் குற்றம். அதை வாடிக்கையாளர் மேல் சுமத்தாதீர்கள்.

மலையேறி:
நான் மலையேற்றச் சாமான்கள் வாங்குபவன், இந்த விஷயத்தில் என் வயிற்றெரிச்சலும் சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் லியோன் லியோன்வுட் பீன் என்பவர் 1912இல் வேட்டைக்காரர்களுக்கான காலணி விற்றார். முதலில் போன 100 ஜோடிகளில் 90 பிய்ந்துபோய்த் திரும்பின. ரப்பர் அடிப்பகுதி தோலிலிருந்து கழன்றுவிட்டது. அவர் எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, கடன் வாங்கி, காலணியைத் திருத்தி மறுபடி விற்றார். எல்.எல்.பீன் நிறுவனத்தின் காலவரையற்ற திருப்பல் வாக்குறுதிக்கு அதுதான் வேர்.

2018 பிப்ரவரியில் அதை ஒரு வருடமாகச் சுருக்கிவிட்டார்கள். வீட்டு வாசலில் போட்டு விற்கும் பழைய சாமான்களில் அந்த நிறுவனப் பெயர் உள்ளதைப் பொறுக்கியெடுத்து, கொண்டுபோய்ப் பணம் வாங்க ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. ஆர்.ஈ.ஐ. என்ற மலையேற்றச் சாமான் கூட்டுறவும் இதே காரணத்தால் 2013இல் வாழ்நாள் திருப்பலை ஒரு வருடமாக்கியது. இரண்டாவது வருடத்தில் தையல் விட்ட பையோடு நேர்மையாகப் போகிறவனுக்கு இன்று கதவு குறுகிவிட்டது. வேறு யாரோ விளையாடியதற்கு விலை கொடுப்பது அவன்தான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று இருந்தால் நெய்ப்பானை எத்தனை நாள் தாங்கும்?

கணக்கன்:
பீன் கதை எனக்கும் பிடித்த கதை. அதே கதையை இப்படியும் படிக்கலாம்: அந்த வாக்குறுதியை வைத்துத்தான் ஒரு சிறு கடை பெரிய நிறுவனமாக வளர்ந்தது. விதியை மாற்றும் அதிகாரமும் அவர்களிடமே இருந்தது, மாற்றினார்கள். நுகர்வோரிடம் அந்த அதிகாரம் இல்லை. எழுதிய விதியை எழுதியபடி பயன்படுத்துவது மட்டும்தான் அவரிடம் உள்ள ஆயுதம். பழைய சாமானைப் பொறுக்கிப் போவதை நான் ஆதரிக்கவில்லை, கலவை இயந்திரக்காரரையும் ஆதரிக்கவில்லை. பயணியின் பெட்டி வேறு. கடைக்குக் கிடைத்தது உறை பிரிக்காத பெட்டி, அதை நாளைக்கே விற்கலாம்.

பயணி, காசாளர் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. சொன்னால் என் வாதம் இன்னும் உறுதியாகும்.

தூரத்துப்பயணி:
சொல்கிறேன். முதல் பெட்டியோடு ஒரு பயணம் போய் வந்துவிட்டேன். இறங்கி எடுக்கும்போது ஒரு சக்கரத்தின் ஓரம் தேய்ந்திருந்தது, கைப்பிடிக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு கீறல். ஒட்டியிருந்த பயணச் சீட்டைக் கிழித்ததில் பசை வேறு போகவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்திருக்க முடியாது. முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதும்போது விரல் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. அக்காவிடமும் சொல்லவில்லை.

சட்டம்படிப்பவள்:
அப்படியென்றால் அந்த 40 சதவீதம் எந்த வழியிலும் உங்களுக்கு வரவேண்டிய பணம் இல்லை.

கணக்கன்:
இரண்டு வழியிலும் கணக்கு ஒன்றுதான் என்று எழுதினேன். முதல் பெட்டி திருப்பக்கூடிய நிலையில் இருந்தது என்று நம்பி எழுதியது அது. அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

மற்றதில் என் கருத்து மாறவில்லை. உறை பிரிக்காத தன் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குறைந்த விலையில் மறுபடி வாங்குபவரை யாரும் குறை சொல்ல எனக்குச் சம்மதமில்லை. இரண்டு அளவில் செருப்பு வாங்கி, சேராததைத் திருப்பி அனுப்புபவரையும் அப்படித்தான். மழைக்குடையை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டேன்.

மழைக்குடை:
நன்றி. ஆனால் அந்தக் கம்பி வண்டி எனக்குத் தெரியாது. அதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

தூரத்துப்பயணி:
காசாளர் ஐயா, இப்போது போய்ச் சொன்னால் அவர்களால் என்ன செய்ய முடியும்? பணத்தை நீட்டினால் எந்தக் கணக்கில் வாங்குவார்கள்? அன்று மேசையில் இருந்த பெண்ணுக்கு ஏதும் வந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பழையகாசாளர்:
வெறும் பணமாக நீட்டினால் யாராலும் வாங்க முடியாது, எங்கள் கணினியில் அதற்கு இடமே கிடையாது. மேலாளரைக் கேளுங்கள். இரண்டு பில்லையும் கொண்டுபோங்கள். பழைய பில்லில் போட்ட திருப்பலை ரத்து செய்து, தள்ளுபடி பில்லில் மறுபடி போடச் சொல்லுங்கள். வித்தியாசம் எவ்வளவு என்று திரையிலேயே தெரியும், அதைக் கட்டலாம். எங்கள் கடையில் அப்படித்தான் செய்வோம். அந்தப் பெண் பில்லையும் பெட்டியையும் சரிபார்த்துத்தான் வாங்கியிருப்பார், இரண்டிலும் ஒரே குறியீடு. அவர் மேல் தவறில்லை என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் போகாதீர்கள், வரிசை நீளும். காலையில் மேலாளர் நின்று கேட்பார்.

தூரத்துப்பயணி:
இரண்டு பில்லும் மேசை இழுப்பறையில்தான் இருக்கின்றன. பழையதில் மை மங்க ஆரம்பித்திருக்கிறது, எண் இன்னும் படிக்க முடிகிறது. நாளைக் காலை போகிறேன். அக்காவிடம் கீறலைப் பற்றி இன்றிரவே சொல்லிவிடுகிறேன்.