ராத்திரி 11 மணிக்கு வண்டிய எடுக்கலாமா?

குழு: பெரிய வீடு, கோவில்பட்டி
புதன்கிழமை, இரவு 8:42

கார்த்தி: ஞாயிற்றுக்கிழமை காதுகுத்துக்கு பிளான் ரெடி. வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிச்சு, சாப்ட்டு, 11 மணிக்கு சென்னைல இருந்து வண்டிய எடுத்தா சனிக்கிழமை காலைல 8, 9 மணிக்கெல்லாம் ஊர்ல இருப்போம். அத்தை, மாமாவும் என்கூட தான் வர்றாங்க.

பெரியப்பா: ராத்திரி ஓட்டமா? எதுக்குல?

கார்த்தி: ரோடு காலியா இருக்கும் பெரியப்பா. பாப்பாவும் பின்னாடி தூங்கிடுவா.

பெரியப்பா: அவ தூங்குவா. நீ?

கார்த்தி: 😂 விழுப்புரத்துல ஒரு டீ, திருச்சில ஒரு டீ. அவ்ளோதான்.

பெரியப்பா: நான் எத்தன வருசம் சென்னை பஸ் ஓட்டிருக்கேன். விடியக்காலம் 3 மணில இருந்து 5 மணி வரைக்கும் தான் எமன் ரோட்டுல நிப்பான். மூஞ்சி கழுவு, கண்ணாடிய எறக்கி விடு, பாட்ட சத்தமா வையி. பச்ச மொளகாயக் கடிச்சுகிட்டு ஓட்டுனவனையும் பாத்திருக்கேன். எல்லாம் பத்து நிமிசம் தாங்கும். அப்புறம் கண்ணு தொறந்தே இருக்கும், ரோடு தெரியாது. இப்ப தாண்டுன டோல்கேட்டு எதுன்னு கேட்டா முழிப்போம்.

செல்வி அக்கா: அப்பா சொல்றது நிஜம். மூணு நாலு செகண்டு மூளை அணைஞ்சு போயிடும், ஓட்டுறவங்களுக்கே தெரியாது. 100ல போனா செகண்டுக்கு 28 மீட்டர். நாலு செகண்டுன்னா 110 மீட்டர் தூரம் வண்டிய யாருமே ஓட்டல.

செல்வி அக்கா: கார்த்தி, வெள்ளிக்கிழமை எத்தன மணிக்கு எந்திரிப்ப?

கார்த்தி: 6. ஏன்க்கா?

செல்வி அக்கா: அப்ப சாவிய எடுக்கும்போதே 17 மணி நேரம் முழிச்சிருக்க. 1997ல ஆஸ்திரேலியால இத சோதிச்சுப் பாத்தாங்க. 17 மணி நேரம் முழிச்சிருந்தா, ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கறவங்க அளவுக்கு நிதானம் இறங்கிடுது. நம்ம ஊர்ல ஊதச் சொல்லிப் பிடிக்கறது 0.03 தாண்டினாலே.

மாமா: குடிக்காமலே கேசா 😄

செல்வி அக்கா: சிரிக்காதீங்க மாமா. திருச்சி வரும்போது 22 மணி நேரம் ஆயிருக்கும். 24 மணி நேரம்னா 0.10 கிட்டப் போகுது. தூக்கக் கலக்கத்த ஊதிக் கண்டுபிடிக்க எந்த போலீஸ் கிட்டயும் மிஷின் இல்ல.

கார்த்தி: அக்கா, நான் டெய்லியே அஞ்சு ஆறு மணி நேரம் தான் தூங்குறேன். பாடி பழகிடுச்சு.

செல்வி அக்கா: பழகல. பழகிட்டதா உனக்குத் தோணுது. பென்சில்வேனியால ஒரு ஆராய்ச்சி, 2003ல வந்துச்சு. ஆரோக்கியமான ஆளுங்கள தினம் 6 மணி நேரம் மட்டும் தூங்க விட்டு 14 நாள் பாத்தாங்க. கடைசில அவங்க கவனம், ஒரு ராத்திரி முழுக்க முழிச்சவங்க கவனம் மாதிரி ஆயிடுச்சு. நாளுக்கு நாள் மோசமாயிட்டே போகுது, அது அவங்களுக்கு உறைக்கவே இல்ல. பெரியவங்களுக்குக் குறைஞ்சது 7 மணி நேரம் வேணும்.

கார்த்தி அம்மா: நல்லா சொல்லு செல்வி. அப்படியே திவ்யாவுக்கும் சொல்லு. 1 மணி வரைக்கும் லைட்ட அணைக்க மாட்டேங்கா.

திவ்யா: படிக்கேன்மா 🙄

கார்த்தி அம்மா: புத்தகத்துல இருந்து பாட்டு வருது.

செல்வி அக்கா: உன் வயசுக்கு 8ல இருந்து 10 மணி நேரம்டி. படிச்சத மூளை எடுத்துப் பத்திரப்படுத்தறதே தூங்கும்போது தான்.

திவ்யா: இது அண்ணன் மேட்டர். என்ன ஏன் இழுக்கீங்க?

அத்தை: இவரு பாதி தூரம் மாத்தி ஓட்டட்டும்னு தான் நெனச்சேன். ஆனா சிக்னல்ல நின்னாலே கண்ண மூடிருதாரு.

மாமா: ரெஸ்ட் எடுக்கேன்.

அத்தை: ராத்திரி பூரா கொறட்டை. தூக்கம் போறது எனக்குத் தான். ஆனா பகல்ல சொக்குறது இவரு!

செல்வி அக்கா: அத்தை, குறட்டை நடுவுல சத்தமே இல்லாம நின்னு, அப்புறம் திணறி மூச்சு விடறாரா?

அத்தை: ஆமா. சில நாள் பயந்து போய் தட்டி எழுப்பிருவேன்.

செல்வி அக்கா: அப்ப அது தூக்கமே இல்ல. தொண்டை அடைச்சு மூச்சு நிக்குது, ஆக்சிஜன் இறங்குது, மூளை உலுக்கி எழுப்புது. ராத்திரி பூரா இதே கதையா இருக்கும். ஸ்லீப் ஆப்னியா மாதிரி தெரியுது. மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கலேன்னு சொன்னீங்கல்ல, அதுக்கும் இது காரணமா இருக்கலாம். ஊருக்குப் போயிட்டு வந்ததும் நுரையீரல் டாக்டர் இல்லேன்னா ஈஎன்டி கிட்ட காட்டி ஸ்லீப் ஸ்டடி எடுங்க, தூங்கும்போது மூச்சையும் ஆக்சிஜனையும் அளந்து பாக்கற டெஸ்ட். அது வரைக்கும் மாமா ஸ்டியரிங்கத் தொட வேண்டாம்.

மாமா: சரிம்மா.

அத்தை: 'சரிம்மா'வாம்! நான் எத்தன வருஷமா சொல்லுதேன்.

பெரியப்பா: எல்லாருக்கும் சொல்லுத, நைட் டூட்டி பாக்கியே, நீ எவ்வளவு நேரம் தூங்குத?

செல்வி அக்கா: பகல்ல அஞ்சு மணி நேரம் கிடைச்சா பெருசு. ஜன்னலுக்குக் கருப்புத் துணி போட்டிருக்கேன். அப்பவும் ஒருத்தர் டாண்ணு 11 மணிக்கு போன் போட்டு "தூங்குதியாம்மா?"னு கேக்காரு.

பெரியப்பா: அது அக்கறைல கேட்டது.

செல்வி அக்கா: 😂 அதனால தான் டூட்டி முடிஞ்சு வரும்போது ஸ்கூட்டிய எடுக்கறதில்லப்பா, பஸ் தான். வருஷக்கணக்கா நைட் பாக்கறதே புற்றுநோய் வர வாய்ப்புள்ள வேலைன்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு பட்டியல்ல வச்சிருக்கு. வேற வழியில்லாம நாங்க பாக்கோம். கார்த்திக்கு என்ன தலையெழுத்து?

கார்த்தி: சரி, சரி. சனிக்கிழமை காலைல 6 மணிக்குக் கிளம்புறேன். வெள்ளிக்கிழமை 10 மணிக்கே படுத்துடறேன். போதுமா?

பெரியப்பா: அப்படிச் சொல்லு. ஆனா மத்தியானம் 2 மணிக்கு மேல ஒரு சொக்கு சொக்கும். வழில பிரியாணிய ஒரு பிடி பிடிச்சுட்டு வண்டிய எடுக்காத. ஒரு டீயக் குடி, குடிச்ச கையோட ஓரங்கட்டி கால் மணி நேரம் சாஞ்சிரு.

கார்த்தி: டீ குடிச்சா எப்படி தூக்கம் வரும்?

செல்வி அக்கா: டீ வேலை செய்ய 20, 30 நிமிஷம் ஆகும்டா. அதுக்குள்ள கோழித்தூக்கம் போட்டு எந்திரிச்சா ரெண்டும் சேந்து கை கொடுக்கும். ராத்திரித் தூக்கத்துக்கு ஈடு இல்ல, ஊர் போய்ச் சேர உதவும்.

அத்தை: அப்ப மதுரைல செல்வி வீட்டுலயே எறங்கி சாஞ்சுக்கலாமே!

செல்வி அக்கா: வாங்க அத்தை. ஆனா நான் சனிக்கிழமை காலைல தான் நைட் முடிச்சு வருவேன். 2 மணிக்கு மேல வாங்க. அதுக்கு முன்னாடி காலிங் பெல் அடிச்சா திறக்க மாட்டேன்.

கார்த்தி: சாப்பாடு?

செல்வி அக்கா: பிரிட்ஜ்ல மாவு இருக்கு. தோசை நீ தான் சுடணும்.