அப்பாவுக்குப் பக்கவாதம், ஊரில் அம்மா மட்டும்தான். வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி – வேடசந்தூர் பக்கம்

அப்பாவுக்கு வலது கை கால் விழுந்துவிட்டது. நாம் சொல்வது புரிகிறது, பேச்சுதான் குழறுகிறது. டிஸ்சார்ஜ் செய்தபோது மாத்திரைச் சீட்டைக் கொடுத்து அனுப்பினார்களே தவிர, வீட்டில் எப்படிப் பார்க்கணும் என்று யாரும் சொல்லவில்லை. நான் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, ஞாயிறுதான் வர முடியும். அம்மா தனியாக அவர் கையைப் பிடித்து இழுத்துத்தான் உட்கார வைக்கிறார், அவருக்கே இடுப்பு வலி. தண்ணீர் கொடுத்தால் புரையேறுகிறது. பிசியோவுக்குத் திண்டுக்கல் போய்வர காருக்கே காசு போய்விடும். சொந்தக்காரர்கள் புறா ரத்தம் தேய்க்கச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில் – பிசியோ தம்பி

அண்ணா, முதலில் அந்தக் கையைப் பிடித்து இழுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். தோள்பட்டைத் தசை பலமிழந்திருக்கும்போது இழுத்தால் மூட்டு இறங்கிவிடும், அந்த வலி மாதக்கணக்கில் போகாது, அப்புறம் பயிற்சிக்கே கையைத் தொட விடமாட்டார். முழங்காலை மடக்கி ஒருக்களித்துத் திருப்பி, காலைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிவிட்டு, தோளுக்குப் பின்னால் கைகொடுத்து எழுப்பணும். நிற்க வைக்கும்போது இடுப்பில் ஒரு கெட்டித் துண்டைக் கட்டி அதைப் பிடித்துக்கொண்டு, விழுந்த பக்கம் அம்மா நிற்கட்டும். கயிற்றுக் கட்டில் வேண்டாம், தொய்ந்த கட்டிலில் புரட்டுவதற்குள் அம்மா இடுப்பு போய்விடும்.

புரையேறுவதை லேசாக எடுக்காதீர்கள். நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் கீழே தாழ்த்தச் சொல்லி, ஸ்பூனில் கொடுங்கள். தண்ணீரைவிடக் கெட்டியான கஞ்சி சுலபமாக இறங்கும். சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள், விழுந்த பக்கக் கன்னத்தில் சோறு தங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். காய்ச்சல், சளி, மூச்சிரைப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

பதில் – கரூர் அக்கா

என் வீட்டுக்காரருக்கும் இதேதான் தம்பி. காருக்குக் காசு செலவழிக்கும் முன் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டே வீட்டுக்கு வருவார், பிரஷர், சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கே வரும். தினமும் வரமாட்டார்கள், அதனால் வரும்போது பயிற்சியை போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கணும். வால் எலும்பு, குதிகால் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். திடீரென்று அழுவார், தட்டைத் தள்ளிவிடுவார், பெரும்பாலும் அது நோய் செய்கிற வேலை, ஆனால் அதை வாங்கிக்கொள்வது அம்மாதானே. ஞாயிறு நீங்கள் வந்தால் அப்பாவை நீங்கள் பாருங்கள், அம்மாவைத் தூங்கவிடுங்கள்.

அடைப்போ ரத்தக்கசிவோ இருப்பது மூளையில், தோலில் புறா ரத்தம் தேய்த்து என்ன ஆகப்போகிறது? பாவம் புறா.

கேட்டவர்

நன்றி அக்கா, தம்பி. இன்னொன்று: பிரஷர் இப்போது சரியாகிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா என்று அம்மா கேட்கிறார்.

பதில் – பிசியோ தம்பி

கூடவே கூடாது. மாத்திரை போடுவதால்தான் சரியாக இருக்கிறது. டாக்டர் சொல்லாமல் எதையும் நிறுத்தாதீர்கள், மறுபடி வந்துவிடும். வாய் கோணினாலோ பேச்சு இன்னும் குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாகணும், அதுவும் ஸ்கேன் பார்த்த பிறகு. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று அம்மா குறித்துவைக்கட்டும், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.