மொரிஷியஸ் வந்து மூன்று வாரம்: வீட்டை மாற்றுவதா, ஊருக்கே திரும்புவதா?

திருச்சிப் பெண்:
வணக்கம். இரவு ஒன்றரை மணி. தூக்கம் வராமல் எழுதுகிறேன். திருமணமான புதிதில் ஐந்து நாள் இந்தத் தீவுக்கு வந்திருந்தோம். ஹாரன் சத்தம் இல்லை, சாலையின் இருபுறமும் கரும்பு, திரும்பிய பக்கமெல்லாம் கடல். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே பேச்சு, இங்கேயே குடிவர வேண்டும் என்பதுதான். ஏழு வருடம் கழித்துக் கணவருக்குத் தீவின் உட்பகுதியில் இருக்கும் எபேனில் வேலை கிடைத்தது. சாமான்களை விற்றுவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

கடலோரம்தான் வீடு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் எடுத்தோம். அவர் காலை ஆறரைக்குப் போனால் இரவு எட்டுக்குத் திரும்புகிறார். சுற்றிலும் விடுமுறைக்கு வருபவர்களின் வீடுகள், எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. நான்கு வயது மகள் அம்மாச்சியைக் கேட்டு அழுகிறாள். காலி செய்கிறோம் என்றால் முன்பணம் திரும்பக் கிடைக்காது என்கிறார் வீட்டுக்காரர். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்று மாலை முதல் நிலைப் புயல் எச்சரிக்கை வேறு. என்ன செய்வது? திரும்பிப் போய்விடலாமா?

2009 முதல் இங்கே:
தங்கச்சி, அவசரப்படாதீர்கள். நான் வந்து இறங்கியது இங்கே குளிர்காலமான ஜூலை மாதம், க்யூர்பிப்பில். கடல் மட்டத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். வெப்பத்தீவு என்று நம்பி ஒரு ஸ்வெட்டர்கூட எடுத்துவரவில்லை. விடாத தூறல். துணி காயாது, அலமாரியில் தோல் செருப்பு பூசணம் பூத்துவிடும். இங்கே சுவரில் இருப்பது பிரிட்டனில் இருப்பது போன்ற சதுர முனைப் பிளக். நம் ஊர்க் குக்கரைச் செருக முடியாமல் முதல் இரவு ரொட்டி தின்றுவிட்டுப் படுத்தேன். அப்போது மெட்ரோவும் கிடையாது. ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், பழகிவிட்டது. உங்களுக்கும் பழகும்.

கத்ர் போர்ன் அம்மா:
அண்ணா, நீங்கள் காலையில் வேலைக்குப் போய்விட்டீர்கள். பூசணம் பிடித்த வீட்டுக்குள் நாள் முழுக்க இருந்தவர்கள் யார்? இந்தப் பெண்ணை எதற்காகப் பல்லைக் கடிக்கச் சொல்கிறீர்கள்? ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் மாலை நேரத்துக்கு நல்ல ஊர், குழந்தையோடு தனியாக இருப்பவளுக்கு நல்ல ஊர் இல்லை. இருட்டிவிட்டால் பஸ் அரிது. மேலே கத்ர் போர்னுக்கு வந்துவிடுங்கள் அம்மா. புதன், சனி காய்கறிச் சந்தை. முருங்கைக்கீரையை 'முரூம்' என்றும், கறிவேப்பிலையைக் 'காரிபுலே' என்றும், கொத்துமல்லியைக் 'கொத்தோமிலி' என்றும் கேட்டால் எடுத்துத் தருவார்கள். முதல் தடவை அந்தச் சொற்களைக் காதால் கேட்டபோது சந்தை நடுவில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ரோஸ் ஹில் கணக்கர்:
வீடு பிறகு. இங்கே தங்கி வேலை செய்யக் கணவருக்கு வேண்டிய பெர்மிட் என்ன நிலையில் இருக்கிறது? நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. என்னைக் கேட்டால் வந்திருக்கவே கூடாது என்பேன். பருப்பிலிருந்து பால்பவுடர் வரை கப்பலில் வர வேண்டிய நாடு இது. நான் முதல் நான்கு மாதம் கடையில் விலைச்சீட்டைப் பார்த்து மொரிஷியஸ் ரூபாயை நம் ஊர் ரூபாயாக மாற்றிக் கணக்குப் போட்டே நொந்துபோனேன்.

தஞ்சை மைந்தன்:
எனக்கு விலைகூடப் பெரிதில்லை. தபால் பெட்டியில் பார்த்தால் முத்து, சின்னப்பன் என்று பெயர்கள். ஆசையாய்த் தமிழில் பேசினால் இங்கே எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில் பதில் வருகிறது. நம் மக்களே நம்மோடு ஒட்டவில்லை என்பதுதான் பெரிய தனிமை.

லெ மோர்ன் காற்று:
இதை என்னால் விட்டுவிட்டுப் போக முடியாது. 1730களில் புதுச்சேரியிலிருந்து வந்த தமிழ்க் கைவினைஞர்கள் போர்ட் லூயி துறைமுகத்தைக் கட்டினார்கள். 1834-க்குப் பிறகு மதராசிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள் குறை சொல்லும் இந்த மக்கள். வாயிலிருந்து மொழி நழுவியது, ஆனாலும் தைப்பூசத்தை அரசு விடுமுறையாக வாங்கி வைத்திருக்கிறார்கள். 1998-இல் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைக் கீழே இறக்கி அச்சடித்தபோது போராடி அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தார்கள். நாம் செய்திருப்போமா? அவர்களிடம் முதலில் 'கி மான்யேர்' என்று நலம் கேளுங்கள். பிறகு அவர்களே உங்களை வீட்டுக்கு அழைத்து வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவார்கள். எனக்கு நடந்தது.

தஞ்சை மைந்தன்:
நான் அவர்களை இழிவாகச் சொல்லவில்லை. ஏக்கத்தில் சொன்னேன்.

கத்ர் போர்ன் அம்மா:
ஏக்கம் எல்லோருக்கும்தான். புயல் வருகிறது, அந்தப் பெண் கடலோரம் குழந்தையோடு இருக்கிறாள். அதைப் பேசுவோம். அம்மா, மூன்று விவரம் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்றா? எந்த மொழியில் இருக்கிறது? உங்கள் பாஸ்போர்ட்டில் விமான நிலைய முத்திரை எந்தத் தேதிவரை செல்லும்?

திருச்சிப் பெண்:
மன்னிக்க வேண்டும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். அவருடைய ஆக்குபேஷன் பெர்மிட் வந்துவிட்டது. எனக்கும் மகளுக்கும் குடும்பத்தினருக்கான அனுமதி இன்னும் வரவில்லை. முத்திரை அடுத்த மாதம் 20 வரை. ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு, பிரெஞ்சில். தரகர் படித்துச் சொன்னார், கையெழுத்துப் போட்டோம்.

ரோஸ் ஹில் கணக்கர்:
அப்படியானால் கதை வேறு. வந்திருக்கக் கூடாது என்று எழுதியதை மறந்துவிடுங்கள். பெர்மிட் கையில் இருப்பது பெரிய பலம். ஆனால் அது அந்த வேலையோடு கட்டுண்டது. வேலை போனால் பெர்மிட்டும் போகும். ஆகவே வேலையைக் காப்பதுதான் முதல் கவலை, எபேனுக்குப் பக்கத்தில் வீடு பார்ப்பதும் அதில் சேர்த்தி. ரோஸ் ஹில்லிலிருந்து எபேன் வழியாக மெட்ரோவின் கிளைப்பாதை போகிறது. கத்ர் போர்னில் குடியிருந்தால் ரோஸ் ஹில்லில் ஒரு முறை மாற வேண்டும், அவ்வளவுதான். குடும்ப அனுமதி பற்றி நாளையே அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்கச் சொல்லுங்கள். 20-ஆம் தேதிவரை காத்திருக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் 'பிரேயாவி' என்ற சொல்லைத் தேடுங்கள். காலி செய்ய எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்பது அங்கே இருக்கும். 'எத்தா தே லியூ' என்று ஒரு தாள் இருக்கிறதா பாருங்கள். குடிபுகுந்த நாளில் வீடு எப்படி இருந்தது என்ற பட்டியல் அது. இல்லையென்றால் இன்றே ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவையுங்கள். பிரெஞ்சு படித்த ஒருவர் முழுவதையும் வாசிக்கும்வரை வெள்ளிக்கிழமை எந்தப் பதிலும் சொல்லாதீர்கள். அவகாசம் கேட்டு மின்னஞ்சல் மட்டும் அனுப்புங்கள்.

2009 முதல் இங்கே:
தங்கச்சி, புயலுக்கு நான் சொல்கிறேன், இதில் எனக்கு அனுபவம் உண்டு. முதல் நிலை என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. குடிநீர், பிஸ்கட், மெழுகுவத்தி, பேட்டரி, மகளுக்குக் காய்ச்சல் மருந்து வாங்கி வையுங்கள். பாத்திரங்களில் தண்ணீர் பிடியுங்கள். இரண்டாம் நிலைக்கு வந்தால் பள்ளிகளை மூடுவார்கள். மூன்றாம் நிலையில் பஸ் நின்றுவிடும், அதற்கு முன்பே கணவர் வீட்டில் இருக்க வேண்டும். நான்காம் நிலை என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று வந்துவிட்டது என்று பொருள். நடுவில் திடீரென்று எல்லாம் அமைதியானால் கதவைத் திறக்காதீர்கள். புயலின் கண் கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து காற்று மறுபடி அடிக்கும். ஆம்புலன்ஸ் எண் 114.

கத்ர் போர்ன் அம்மா:
கடலை ஒட்டிய வீட்டில் இருந்துகொண்டு அதையெல்லாம் எண்ணிக் கொண்டிருக்க வேண்டாம். தனிச்செய்தியில் என் எண்ணை அனுப்பியிருக்கிறேன். இரண்டாம் நிலை அறிவித்தவுடன் மூவரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். என் பேத்திக்கும் நான்கு வயதுதான். வரும்போது ஒப்பந்தத்தையும் எடுத்து வாருங்கள், என் மருமகள் இங்கேயே படித்தவள், பிரெஞ்சு நன்றாக வாசிப்பாள்.

திருச்சிப் பெண்:
உங்கள் எண் வந்தது அம்மா. காலையில் அழைக்கிறேன். மகளுக்கு இரவில் ரசம் சாதம் இருந்தால் போதும், வேறு ஒன்றும் சிரமப்படாதீர்கள்.