‘ஐந்து நிமிடம் பேசினால் தீர்ந்துவிடும்’ என்ற குறையை எப்படிக் களைவது? – 1942 பர்மா பின்னணியில் ஒரு காதல், மர்ம நாவல்

தொடுவானம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக எழுதிவந்த நாவலின் முதல் வரைவை முடித்திருக்கிறேன். படித்துப் பார்த்த நண்பர்கள் இருவரும் தனித்தனியே ஒரே குறையைச் சொன்னதால் உங்களிடம் வருகிறேன்.

நாயகன் செட்டிநாட்டைச் சேர்ந்தவன். மணமான நான்காம் மாதம், 1940-இல், ரங்கூனில் ஒரு வட்டிக்கடைக்கு அடுத்தாளாக, அதாவது கடையை நடத்தும் மேலாளுக்குத் துணையாளாகப் போகிறான். மூன்று வருடக் கணக்கை முடித்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசுகின்றன. கப்பலில் இடம் கிடைக்காத ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவனாக அவனும் புரோம் வழியே அரக்கான் மலைத்தொடரைக் கடக்கும் பாதையில் நடக்கத் தொடங்குகிறான். வழியில் காலரா கண்டு விழுந்துவிடுகிறான். கூட வந்தவர்கள் அவன் பிழைக்கமாட்டான் என்று விட்டுவிட்டு நடந்து, ஊர் வந்ததும் இறந்துவிட்டான் என்றே சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் அவன் பிழைத்து, ஜப்பானியர் வசமிருந்த பர்மாவிலேயே சிக்கிக்கொண்டு, 1946-இல் கல்கத்தா வந்து சேர்கிறான். மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள் என்று அங்கே கேள்விப்பட்டு, அந்த முகவரிக்கு ஒரு கடிதமும் ஐம்பது ரூபாய்க்கு மணியார்டரும் அனுப்புகிறான். பணத்தைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டு திரும்பி வருகிறது. கடிதத்துக்குப் பதில் இல்லை. அவள் தன்னை வேண்டாமென்று விட்டாள் என முடிவுசெய்து அங்கேயே தங்கிவிடுகிறான். 1949-இல் அவனுடைய தம்பி பாகப்பிரிவினை வழக்குத் தொடரும்போதுதான் செய்தி எட்டி ஊர் திரும்புகிறான். கடிதமோ பணமோ தன் கைக்கு வரவே இல்லை என்கிறாள் அவள். மறைத்தவர் யார் என்பதே மர்மம். என் வரைவில் அது பேராசை பிடித்த அந்தத் தம்பி.

நண்பர்களின் குறை இதுதான்: “கல்கத்தாவில் ரயில் ஏறினால் சில நாளில் ஊர். நேரில் வந்து ஐந்து நிமிடம் பேசினால் எல்லாம் தீர்ந்துவிடும். அவர்களைப் பேசவிடாமல் நீங்கள்தான் குறுக்கே நிற்கிறீர்கள்.” இதை எப்படிச் சரிசெய்வது? கடைசியில் அவள் அவனை ஏற்றுக்கொள்வதாக முடித்திருப்பது பொருந்துமா என்றும் சொல்லுங்கள்.

பழைய பேரேடு எழுதியது:

நண்பரே, நல்ல களத்தைப் பிடித்திருக்கிறீர்கள். 1942 முதல் 1945 வரையிலான மௌனத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதே இல்லை. ஜப்பானியர் பிடியிலிருந்த பர்மாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே தபால் போக்குவரத்தே கிடையாது என்பதால், அந்தப் பிரிவை வரலாறே எழுதிக் கொடுத்துவிட்டது. உங்கள் சிக்கல் 1946-இல்தான் தொடங்குகிறது. அந்த ஆண்டில் தபால் உண்டு, ரயில் உண்டு, ஆளும் உயிரோடு இருக்கிறான். ஆகவே இனி அவனைத் தடுக்க வேண்டியது வெளியே இருக்கும் எதுவும் அல்ல. அவன் மனத்துக்குள் இருக்கும் ஒன்று.

அதற்குரிய பொருள் உங்கள் கதையிலேயே கிடக்கிறது, எடுத்துப் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறீர்கள். அவன் வெறும் கணவன் அல்லன், அடுத்தாள். முதலாளியின் பணத்துக்கு மேலாளுக்கு அடுத்தபடியாகக் கணக்குச் சொல்ல வேண்டியவன். மேலாள் குண்டுவீச்சிலேயே இறந்துவிட்டார் என்றும், கிட்டங்கியிலிருந்து (கடையும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடம்) கிளம்பும்போது பேரேட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு நடந்தவன் நோயில் விழுந்த இடத்தில் அதைத் தொலைத்துவிட்டான் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பேரேடு இல்லையென்றால் யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்பதற்கு ஆதாரமில்லை. பணத்தை அவனே எடுத்துக்கொண்டான் என்று ஊர் பேசினால் மறுக்க அவனிடம் ஒரு தாள் கிடையாது. அப்படிப்பட்டவன் ரயிலேறுவதற்கு முன்னால் ஒரு கடிதம் போட்டு, பதில் வரட்டும் என்று காத்திருப்பது இயல்பு. பதில் வராதபோது அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதும் இயல்பு. ஏற்கெனவே தன்னைக் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருப்பவனுக்கு மௌனம் வேறு எப்படிக் கேட்கும்?

இரண்டாவது, அந்த ஒப்புகைச் சீட்டு. என்னைக் கேட்டால் உங்கள் நாவலின் மிக நல்ல பொருள் அதுதான். மணியார்டர் வாங்குபவர் கையெழுத்துப் போட வேண்டும். எழுதத் தெரியாதவர் என்றால் கைநாட்டு வைத்து, அதற்கு இன்னொருவர் சாட்சிக் கையெழுத்து இட வேண்டும். நாயகி எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதை மணமான முதல் மாதக் காட்சியிலேயே, அவள் அவனுக்கு ஏதோ ஒரு சீட்டு எழுதுவதாகப் போகிறபோக்கில் காட்டிவிடுங்கள். பிறகு கல்கத்தாவுக்குத் திரும்பி வரும் சீட்டில் கட்டைவிரல் ரேகை இருக்கட்டும். அவன் அதைப் பார்க்கிறான். பணம் போய்ச் சேர்ந்தது என்பதை மட்டும் பார்க்கிறான். வாசகனும் அப்படியே பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவான். எல்லாத் தடயத்தையும் கண்ணெதிரே வைத்துவிட்டு ஏமாற்றுவதுதான் மர்மக் கதையின் நேர்மை என்று நினைக்கிறேன். ரேகை யாருடையது, சாட்சிக் கையெழுத்து யாருடையது என்ற இரண்டு கேள்விகளும் பின்பாதிக்குப் போதும்.

ஓர் இடைச்செருகல்: போர்க்காலத்தில் தணிக்கைக்குள்ளான உறைகளைப் பிரித்துப் படித்து, மேலே காகிதப் பட்டி ஒட்டித் திரும்ப மூடி அனுப்புவார்கள். ரங்கூனிலிருந்து அவன் எழுதிய கடைசிக் கடிதம் அப்படி வந்திருந்தால், வீட்டுப் பெரியவர்கள் யாரோ அதைப் பிரித்துவிட்டதாக அவள் சந்தேகப்பட்டிருக்கலாம். அந்தப் பொய்ச் சந்தேகம் 1942-இலேயே வீட்டுக்குள் ஒரு பிளவை வைத்துவிடும்.

அரைப்பக்கம் எழுதியது:

பேரேட்டுக்காரர் சொன்னது சரி. நான் ஓர் எச்சரிக்கையை மட்டும் சேர்க்கிறேன். 1946 ஜூலையில் அஞ்சல் ஊழியர்களின் நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தாவில் கலவரம் வெடித்தது. ஆராய்ச்சி செய்த எழுத்தாளருக்கு இவ்விரண்டையும் கதைக்குள் இழுத்துவரக் கை துறுதுறுக்கும். தயவுசெய்து கடிதத்தை அவற்றால் தொலைக்காதீர்கள். நோய், போர், வேலைநிறுத்தம், கலவரம் என்று அடுக்கினால், காதலர்களைப் பிரிப்பது காலண்டர்தான் என்று ஆகிவிடும். வேலைநிறுத்தத்தை வேறு விதமாகப் பயன்படுத்தலாம்: பதில் ஏன் தாமதமாகிறது என்பதற்கு அவனுக்கு ஒரு சமாதானம் கிடைக்கிறது, தபால் மீண்டும் ஓடத் தொடங்கியும் பதில் வராதபோது அந்தச் சமாதானம் போய்விடுகிறது.

திண்ணை வழக்குரைஞர் எழுதியது:

தம்பியைக் குற்றவாளியாக்கியதில் சட்டப்படி ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதை அடைப்பதைவிடப் பயன்படுத்திக்கொள்வது நல்லது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

1937-ஆம் ஆண்டின் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டப்படி, கூட்டுக் குடும்பத்தில் கணவன் இறந்தால் அவனுக்கிருந்த உரிமை விதவைக்கு வந்துசேர்ந்தது. அது வாழ்நாள் வரைக்குமான, விற்கும் உரிமை குறுகிய சொத்துதான். ஆயினும் பாகம் பிரித்துக் கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு. அதாவது அண்ணன் இறந்துவிட்டான் என்று ஊரை நம்பவைப்பதால், வீட்டிலும் ரொக்கத்திலும் தம்பிக்கு ஒரு காசு கூடுதலாக வராது; அண்ணன் இடத்தில் அண்ணி நிற்பாள், அவ்வளவுதான். விவசாய நிலம் மட்டும் வேறு கதை. அந்தச் சட்டம் மாகாணங்களில் உள்ள விவசாய நிலத்துக்குச் செல்லாது என்று ஃபெடரல் நீதிமன்றம் 1941-இல் கூறிவிட்டது. 1947-இல்தான் சென்னை மாகாணம் தனிச் சட்டம் இயற்றி அதை நிலத்துக்கும் நீட்டித்தது. எனவே குடும்பத்துக்கு வயல் இருந்தால், அண்ணன் 1942-இலேயே இறந்தான் என்று நிறுவுவதில் தம்பிக்கு ஆதாயம் உண்டு. வயல் இல்லையென்றால் ஆதாயமே இல்லை.

இப்போது, அன்று நடைமுறையிலிருந்த 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 108-ஆவது பிரிவுக்கு வாருங்கள். ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட வேண்டியவர்கள் ஏழாண்டு காலம் எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும். 1942 தொடக்கத்தில் காணாமல் போனவனுக்கு அந்த ஏழாண்டு 1949-இல் முடிகிறது; உங்கள் வழக்கு ஆண்டு, தெரிந்தோ தெரியாமலோ, கச்சிதமாக விழுந்திருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு இறப்பை ஊகிக்க இடம்தருமே தவிர, இறந்த தேதியை ஊகிக்க இடம்தராது. இன்ன ஆண்டில் இறந்தான் என்பவர் அதைத் தனியே நிரூபிக்க வேண்டும். அங்கேதான் 1946-ஆம் ஆண்டின் அந்த மணியார்டர் சீட்டு வெடிகுண்டாக மாறுகிறது. காதல் கதையில் புறக்கணிப்பின் சின்னமாக அவன் வைத்திருந்த அதே சீட்டு, நீதிமன்றத்தில் அவன் உயிரோடிருந்ததற்கான சாட்சியம்.

என் யோசனை: குடும்பத்துக்கு வீடும் ரொக்கமும் மட்டும் இருக்கட்டும். வாசகர் தம்பியைச் சந்தேகிப்பார். வழக்கில் அவனுக்கு ஆதாயமே இல்லை என்று தெரியவரும் இடத்தில், சந்தேகம் அவள் பிறந்த வீட்டுப் பக்கம் திரும்பும். ஏனென்றால் அவளுக்கு வரும் பாகத்தை நிர்வகிக்கப்போவது அவளுடைய அண்ணன். சாட்சிக் கையெழுத்து அவனுடையதாக இருக்கலாம். கட்டைவிரல் ரேகையை என்ன செய்வது என்பதைக் கதை எழுதத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுகிறேன்.

முல்லைக்கொடி எழுதியது:

ரேகை அவளுடைய அப்பத்தாவினுடையதாக இருக்கட்டும். பணத்தாசையால் அல்ல, பயத்தால். பர்மாவுக்குப் போனவர்களில் அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டவர்கள் உண்டு என்பது ஊரறிந்த பேச்சு. கல்கத்தாவிலிருந்து வந்தவர் ஒருவர், அவன் ஒரு பர்மியப் பெண்ணோடும் குழந்தையோடும் இருக்கக் கண்டதாகச் சொல்லிவிட்டார் என்று வையுங்கள். அந்தப் பெண் அவனை நோயிலிருந்து காப்பாற்றிய குடும்பத்தைச் சேர்ந்தவள் என்பது அவருக்குத் தெரியாது. அன்றைய சட்டத்தில் இந்து ஆண் இரண்டாம் மணம் செய்ய எந்தத் தடையும் இல்லை. சென்னை மாகாணத்தில் 1949-இல்தான் இருதார மணத்தைத் தடுத்து, மணவிலக்குக்கும் இடம்தந்த சட்டம் வந்தது. பேத்தி சக்களத்தியோடு வாழ்வதைவிடக் கைம்பெண்ணாகத் தன் மடியில் கிடப்பது மேல் என்று அந்தக் கிழவி முடிவெடுக்கிறாள். கொடுமையான முடிவுதான், ஆனால் அன்பிலிருந்து வந்தது. அப்படியானால் கதையில் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் இருவர் அல்லர், மூவர்.

இனி நீங்கள் கடைசியாகக் கேட்டது. நாடகமாக நமக்குத் தெரிந்த சகுந்தலை கதையில் துர்வாசரின் சாபமும் தொலைந்த மோதிரமும் இருக்கின்றன. மகாபாரதத்தில் அவை இல்லை, அங்கே அரசன் தெரிந்தே அவளை மறுக்கிறான். காளிதாசன் சாபத்தைச் சேர்த்ததால் அரசனை மன்னிப்பது எளிதாயிற்று. உங்கள் வரைவிலும் மறைக்கப்பட்ட கடிதம் அந்தச் சாபத்தின் வேலையைத்தான் செய்கிறது: குற்றம் வேறொருவருடையது, ஆகவே இவன் தூயவன், ஆகவே அவள் ஏற்றுக்கொள்கிறாள். எனக்கு இது போதவில்லை. அவள் ஏழு ஆண்டுகள் தாலியில்லாமல், நல்ல காரியம் நடக்கும் வீடுகளில் பின்கட்டில் நின்றிருக்கிறாள். அதில் முதல் நான்கு ஆண்டு போரின் கணக்கு. கடைசி மூன்று ஆண்டு அவன் கணக்கு. ஒரே ஒரு பதில் வராததற்காக அவன் விட்டுவிட்ட ஆண்டுகள். தடயம் அவன் கையிலேயே இருந்தது. மனைவியின் கையெழுத்து எப்படியிருக்கும் என்று அறிந்தவன், ரேகையைப் பார்த்து ஏன் திடுக்கிடவில்லை என்று அவள் கேட்க வேண்டும். அப்பத்தாவின் ரகசியம் வெளிப்படும் காட்சியைவிட இந்தக் கேள்விதான் உச்சக்காட்சி என்பேன்.

அவள் ஏற்றுக்கொள்ளலாம், மறுக்கலாம். மறுக்கவும் முடியும் என்ற நிலையை அந்த 1949-ஆம் ஆண்டுச் சட்டம் முதன்முறையாக உருவாக்கித் தருகிறது. அதை அவள் அறிந்திருக்க வேண்டும். அறிந்தபின் எடுக்கும் முடிவுதான் முடிவு.

தொடுவானம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டு நாள் எதுவும் எழுதாமல் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். தம்பியை விடுவித்துவிட்டேன், வயலையும் எடுத்துவிட்டேன். தொலைந்த பேரேடு கதைக்குள் வருகிறது. பர்மியப் பெண்ணுக்கு வதந்தியாக மட்டும் இருக்க மனமில்லாததால், தனி அத்தியாயம் ஒன்று கொடுக்கப்போகிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் முல்லைக்கொடி அவர்களிடமிருந்து சற்று விலகுகிறேன். அவள் கேட்கும் அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ரேகையை அவன் அன்றே கவனித்துவிட்டான். கையெழுத்துப் போடத் தெரிந்தவள் தன் பணத்தைக் கையால் தொடக்கூட விரும்பாமல் வேறு யாரையோ வாங்கச் சொல்லியிருக்கிறாள் என்று அதைப் படித்தான். தடயத்தைப் பார்த்தவன்தான், தன் குற்ற உணர்வின் கண்ணால் பார்த்தான். இதைக் கேட்டபின் அவள் உடனே எதுவும் சொல்லப்போவதில்லை. சீட்டை அவன் கையிலிருந்து வாங்கி, ரேகைக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதிக் கொடுக்கிறாள். அது வரவேற்பா, வழியனுப்புதலா என்பதை எழுதிப் பார்த்தால்தான் எனக்கே தெரியும்.