முழங்கால் குருத்தெலும்பு வளர்கிறது, சிறுநீரகம் ஏன் வளரவில்லை?

நடைவண்டி:
அண்ணனுக்கு முழங்கால் குருத்தெலும்பில் குழி விழுந்துவிட்டது, கால்பந்து ஆடி வந்த வினை. அவர் காலிலிருந்தே துளி குருத்தெலும்பை எடுத்து, செல்களை ஆய்வகத்தில் பெருக்கி, குழியை அடைக்கலாம் என்கிறார் மருத்துவர். அப்பா டயாலிசிஸில் இருக்கிறார். இதே வழியில் ஒரு சிறுநீரகம் வளர்க்க முடியாதா? அண்ணனுக்குச் சொன்னதும் வெறும் பரிசோதனைதானோ?

பெட்ரித்தட்டு:
பரிசோதனை இல்லை. சுவீடனில் 1994-லேயே நோயாளிகளுக்குச் செய்து முடிவுகளை வெளியிட்டார்கள். இப்போது செல்களை மெல்லிய கொலாஜன் சவ்வில் விதைத்து, குழியின் அளவுக்கு வெட்டி ஒட்டுகிறார்கள். அமெரிக்காவில் இந்த வகைக்கு 2016-ல் அனுமதி கிடைத்தது.

சிறுநீரகத்துக்கு வருகிறேன். முனைவர் பட்டத்துக்கு எலும்பு வளர்க்கப் பார்த்தவன் நான். சர்க்கரைக்கட்டி அளவில், பஞ்சு மாதிரி துளை துளையான ஒரு சட்டகம், அதில் செல்கள். மூன்று வாரம், ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் போய்ப் பார்த்துக்கொண்டேன். வெட்டி நிறமேற்றிப் பார்த்தால் ஓரத்தில் மட்டும் உயிர், நடுவில் அத்தனையும் செத்துக் கிடந்தன. ஆக்சிஜன் திசுவுக்குள் தானாக ஊறிப்போவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தூரம்தான். அதற்கு மேல் ரத்தக்குழாய் வேண்டும். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது, செல்களும் குறைவு, அதனால் பிழைத்துக்கொள்கிறது. தோல் மெல்லியது. 2015-ல் ஜெர்மனியில் ஒரு சிறுவனுக்கு, மரபணு சரிசெய்த அவனுடைய செல்களிலிருந்தே வளர்த்து, உடல் தோலில் சுமார் 80 சதவீதத்தை மாற்றினார்கள்.

சிறுநீரகத்தில் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள், அதாவது ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அலகுகள். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு நுண் ரத்தக்குழாய் முடிச்சு. ஆய்வகத்தில் செல்களிலிருந்து வளரும் குட்டிச் சிறுநீரக மாதிரிகள் (ஆர்கனாய்டுகள்) மருந்து சோதிக்க உதவும், அப்பாவுக்கு உதவாது.

ஊன்றுகோல்:
அந்த முழங்கால் சிகிச்சை எனக்கு நடந்தது. இரண்டு தடவை கத்தி: ஒன்று எடுக்க, ஒன்று வைக்க. ஆறு வாரம் முழு எடையை ஊன்றவிடவில்லை. ஓட ஒரு வருடம் ஆயிற்று. அண்ணனுக்குப் பொறுமை இருக்கிறதா?

நடைவண்டி:
பொறுமையா, அவருக்கா! சரி, ஸ்டெம் செல் ஊசி போட்டால் சிறுநீரகம் திரும்ப வேலை செய்யும் என்று ஒரு விளம்பரம் வந்தது. அப்பாவுக்கு ஆசை. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்த ஃபிஸ்டுலா வேறு இரண்டு முறை அடைத்துவிட்டது.

பெட்ரித்தட்டு:
ஊசி வேண்டாம். அப்படி நிரூபிக்கப்பட்ட சிகிச்சை எதுவும் இல்லை. அவசரப்பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் துறை பட்டுத் தெரிந்துகொண்டது: 2011-லிருந்து சுவீடனில் மூன்று பேருக்குச் செல் விதைத்த பிளாஸ்டிக் மூச்சுக்குழாய் வைத்தார்கள், மூன்று பேரும் இறந்தார்கள்.

ஆனால் ஃபிஸ்டுலா என்றீர்களே, அதைக் கவனியுங்கள். மனிதச் செல்களை வைத்து ஒரு ரத்தக்குழாயை வளர்த்து, பிறகு செல்களைக் கழுவிவிடுகிறார்கள். வெறும் குழாய் மிஞ்சும். செல் இல்லாததால் யாருக்கு வேண்டுமானாலும் வைக்கலாம். கைகால் ரத்தக்குழாய் காயங்களுக்கு அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அனுமதி வந்தது. டயாலிசிஸ் நோயாளிகளின் கையிலும் சோதித்திருக்கிறார்கள். அப்பாவின் கைக்கு முதலில் வரக்கூடியது அதுதான்.

நடைவண்டி:
அடுத்த முறை சிறுநீரக மருத்துவரிடம் முதல் கேள்வி இதுதான். ஊசி விளம்பரத்தை அப்பாவின் போனிலிருந்து அழித்துவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.