மாடிக் குளியலறைக்குச் சோலார் ஹீட்டரா, கீசரா?

உச்சிப்புளியிலிருந்து:
வணக்கம். நாங்கள் கட்டிவரும் வீட்டின் மாடியில் மகளும் மருமகனும் இரண்டு பேரப்பிள்ளைகளும் குடியிருக்கப் போகிறார்கள். சின்னவனுக்கு அடிக்கடி சளி பிடிப்பதால் ஆண்டு முழுவதும் வெந்நீர்க் குளியல்தான். பிளம்பர் செம்புக் குழாய்கள் பதித்த தட்டு வகைச் சோலார் ஹீட்டரைப் பரிந்துரைக்கிறார். எங்கள் போர் தண்ணீரோ காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் உப்புத் தண்ணீர். அடுத்த வாரம் பூச்சு வேலை தொடங்குவதற்குள் முடிவெடுக்க வேண்டும். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

கீழக்கரையிலிருந்து:
ஐயா, அந்தத் தட்டு வகை வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் அதைத்தான் மாட்டினோம். மூன்றாம் ஆண்டில் வெந்நீர் குறைந்துகொண்டே போனது. கடைசியில் செம்புக் குழாயை அறுத்துப் பார்த்தபோது, சுண்டுவிரல் நுழைய வேண்டிய துளையில் ஈர்க்குச்சிதான் நுழைந்தது. கடின நீர் சூடேறும்போது அதிலுள்ள சுண்ணாம்பு பிரிந்து, சூடு மிகுந்த இடத்திலேயே படிகிறது. கண்ணாடிக் குழாய் வகைச் சோலாரில் உட்குழாயின் விட்டம் சுமார் 47 மில்லிமீட்டர் என்பதால் எளிதில் அடைபடாது, கழற்றிக் கழுவவும் முடியும். தொட்டி, உட்புறம் எனாமல் பூசி, மக்னீசியக் கம்பி பொருத்தியதாக இருக்கட்டும். தொட்டிக்கு வரவேண்டிய அரிப்பை அந்தக் கம்பி ஏற்றுக்கொள்ளும் என்பதால், ஆண்டுக்கொருமுறை அதைக் கழற்றிப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும்.

மண்டபத்திலிருந்து:
மேலே சொன்னது சரியே. ஆனால் மாடியில் ஒரே குளியலறை என்றால் கீசரே போதும் என்பது என் எண்ணம். நம் கடற்கரையில் தொட்டித் தண்ணீர் மார்கழியில்கூட ஜில்லிடுவதில்லை. 15 லிட்டர் தண்ணீரின் சூட்டை 30 டிகிரி உயர்த்த ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரம்தான் ஆகிறது. அதில் பச்சைத்தண்ணீரைக் கலந்தால் ஒருவர் தாராளமாகக் குளிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயில் காணாத நாட்களில் சோலாருக்கும் மின்சாரமே துணை. கீசரின் ஹீட்டர் கம்பியிலும் சுண்ணாம்பு படியும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்வது எளிது.

எதை வாங்கினாலும், பூச்சுக்கு முன்பே மொட்டைமாடியிலிருந்து குளியலறைவரை சிபிவிசி குழாயைச் சுவருக்குள் பதித்துவிடுங்கள். சாதாரண பிவிசி வெந்நீரின் சூட்டில் நெளிந்துவிடும். பின்னால் சோலார் வைப்பதாக இருந்தால், மேல்நிலைத் தொட்டியின் அடிமட்டம் சோலார் தொட்டியின் உச்சியைவிட ஓரடியாவது உயரத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் தண்ணீர் தானாக இறங்காது.

உச்சிப்புளியிலிருந்து:
இருவருக்கும் மிக்க நன்றி. மாடியில் ஒரே குளியலறைதான். ஆகவே இப்போதைக்குக் கீசர். தொட்டி மேடை இன்னும் எழும்பவில்லை என்பதால், உயர்த்திக் கட்டுமாறு நாளைக் காலையே கொத்தனாரிடம் சொல்லிவிடுகிறேன்.