ஊர்க் கழிப்பறைகளை மேம்படுத்துவதில் மக்கள் ஆதரவை நிலைக்கச் செய்வது எப்படி?

கேள்வி:
கழிப்பறை வசதியை மேம்படுத்த வேண்டும் என்று கூட்டத்தில் எல்லோரும் கை உயர்த்துகிறார்கள். கட்டி முடித்த பின் பராமரிப்புக்கு எவரும் முன்வருவதில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
குழி நிறைந்தால் யார் அள்ளுவது என்ற அச்சமே பலரைத் தயங்க வைக்கிறது. இரட்டை உறிஞ்சுகுழி முறையில் (கழிவுநீரை மண்ணுக்குள் கசியவிடும் இரண்டு குழிகள்) ஒன்று நிறைந்ததும் அதை மூடிவிட்டு மற்றொன்றைப் பயன்படுத்தலாம் என்பதையும், மூடிய குழியில் உள்ளவை ஓரிரு ஆண்டுகளில் மக்கி உரமாகும் என்பதையும் முதலில் விளக்குங்கள்.

பதில் 2:
பொதுக் கழிப்பறையின் இடத்தையும் கதவமைப்பையும் பெண்களே தீர்மானிக்கட்டும். தண்ணீரும் விளக்கும் இல்லாத கட்டடம், எவ்வளவு அழகாக வண்ணம் பூசினாலும், பூட்டியேதான் கிடக்கும்.

பதில் 3:
முதல் பதிலுக்கு ஒரு திருத்தம்: நிலத்தடி நீர் மேலாக உள்ள இடங்களில் உறிஞ்சுகுழி கிணற்று நீரை மாசுபடுத்தக்கூடும் என்பதால், குழிக்கும் கிணற்றுக்கும் இடையே போதிய தொலைவு இருப்பதை முன்கூட்டியே உறுதிசெய்யுங்கள்.